மாநிலம் மாறினால் மறுபடியும் முதல் வகுப்பு

டெக்சார்கானா பார்வைக்கு ஒரே ஊர். ஊர் நடுவே ஓடும் ஸ்டேட் லைன் அவென்யூவின் மேற்குப் பக்கம் டெக்சாஸ், கிழக்குப் பக்கம் ஆர்க்கன்சா. மத்திய அரசின் தபால் நிலையமும் நீதிமன்றமும் உள்ள கட்டடம் எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறது. வீடு, மனை விற்றுக்கொடுக்கும் ஏஜெண்டாக உரிமம் பெற வேண்டுமானால் கிழக்குப் பக்கத்தில் 60 மணி நேரம் படிக்க வேண்டும். மேற்குப் பக்கத்தில் 180 மணி நேரம். கிழக்கே 20 வருடம் தொழில் செய்து நல்ல பெயர் எடுத்தவராக இருக்கலாம். அவர் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கத்து வீட்டை ஒருவருக்கு விற்றுக்கொடுத்துக் கமிஷன் வாங்கினால், டெக்சாஸ் சட்டத்தின் கண்ணில் அவர் உரிமமில்லாத தரகர். அது தண்டனைக்குரிய குற்றம்.

அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் செல்லுபடியாகும் ரியல் எஸ்டேட் உரிமம் கிடையாது. 50 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் தனித்தனியே அதைக் கொடுக்கின்றன. ஒரு மாநிலத்தின் உரிமத்தை இன்னொன்றுக்கு அப்படியே மாற்றித்தர எந்த அலுவலகத்தாலும் முடியாது. போகிற இடத்தில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பழைய படிப்பில், தேர்வில், அனுபவத்தில் எதைப் புது மாநிலம் ஏற்கும், எதைத் தள்ளும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தீராத வழக்கு இது. அதன் வேரைத் தோண்டிப் பார்த்தால் இந்த வேலியை எழுப்பிய கைகள் இரண்டு என்று தெரிகிறது: வீடு வாங்குகிறவரைக் காக்க நினைத்த கை ஒன்று, தொழிலில் ஏற்கெனவே இருப்பவரைக் காக்க நினைத்த கை மற்றொன்று. முதல் கை கட்டியதை நான் மதிக்கிறேன். இரண்டாவது கை கட்டியதை இடிக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

சான்டா ஃபே ரயில்வே லாஸ் ஏஞ்சலஸை எட்டிய பின், 1887-இல் அதற்கும் சதர்ன் பசிஃபிக் கம்பெனிக்கும் கட்டணப் போர் மூண்டது. நாட்டின் நடுப்பகுதியிலிருந்து கலிபோர்னியாவுக்கு டிக்கெட் விலை ஒரு கட்டத்தில் 1 டாலர் வரை இறங்கியது. கூட்டம் கூட்டமாக மக்கள் வந்து இறங்கினார்கள். காகிதத்தில் வரைந்த ஊர்கள் மனைமனையாக விலைபோயின. அடுத்த ஆண்டே கொதிப்பு அடங்கியபோது அந்த ஊர்களில் பல மண்ணில் எழவே இல்லை. அன்று தரகு பேச ஆபீஸ் தேவையில்லை, கணக்குப் புத்தகம் தேவையில்லை. நடைபாதை ஓரத்தில் நின்று வருவோர் போவோரைப் பிடிக்கும் ஆட்களைக் ‘கர்ப்ஸ்டோனர்’ என்று அழைத்தார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துபோனால் அவர்களைத் தேடிப் பிடிக்க வழியில்லை.

ஒரு தொழிலுக்கு உரிமம் கட்டாயம் என்று மாநிலம் சொல்லலாமா என்ற சந்தேகத்தை உச்ச நீதிமன்றம் 1889-இல் தீர்த்துவைத்தது. டென்ட் எதிர் மேற்கு வர்ஜீனியா என்ற அந்த வழக்கு மருத்துவர்களைப் பற்றியது. மக்களின் நலனைக் காக்கும் பொறுப்பு மாநிலத்துடையது, ஆகவே தகுதியை வரையறுக்கும் உரிமையும் அதற்கு உண்டு என்று தீர்ப்பானது. பின்னால் வந்த தொழில் உரிமங்கள் எல்லாம் அந்த அஸ்திவாரத்தின் மேல்தான் எழுந்தன. மாநிலத்தின் கையில் அதிகாரம் போனதால் எல்லைக்கோடும் கூடவே வந்துவிட்டது.

தரகர்களும் சும்மா இருக்கவில்லை. 1908 மே மாதம் சிகாகோவில் கூடி தேசியச் சங்கம் அமைத்தார்கள். 1913-இல் நெறிமுறைகள் எழுதினார்கள். 1916-இல் மினியாபொலிஸ் நகரத் தரகர் சார்ல்ஸ் சாட்போர்ன், சங்க உறுப்பினர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக்காட்ட ‘ரியல்ட்டர்’ என்ற பட்டத்தை உருவாக்கினார். நடைபாதைத் தரகரிடமிருந்து தங்களை விலக்கிக்காட்ட அவர்களுக்குப் பட்டம் மட்டும் போதவில்லை, சட்டமும் வேண்டியிருந்தது. 1917-இல் கலிபோர்னியா நாட்டிலேயே முதலாவதாக ரியல் எஸ்டேட் உரிமச் சட்டம் கொண்டுவந்தது. அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று நீதிமன்றம் அதைத் தள்ளியது. 1919-இல் திருத்தி இயற்றிய சட்டம் நிலைத்தது. மிச்சிகன், ஆரிகன் போன்ற மாநிலங்களும் அதே ஆண்டு பின்தொடர்ந்தன.

மாநிலங்கள் பார்த்து எழுதிக்கொள்ளும்படி மாதிரிச் சட்டம் ஒன்றை வடித்துக்கொடுத்தவர் தேசியச் சங்கத்தின் வழக்கறிஞர் நேதன் வில்லியம் மெக்செஸ்னி. பல மாநிலங்கள் அதை எடுத்துக்கொண்டன. கறுப்பின மக்களுக்கு விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை என்று வீட்டுப் பத்திரத்தில் எழுதிவைக்கும் நிபந்தனைக்கு 1927-இல் சிகாகோவில் மாதிரி எழுதிக்கொடுத்ததும் இதே மனிதர்தான். அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 1924-இல், சங்கத்தின் நெறிமுறைகளில் 34-ஆம் விதி சேர்ந்தது: ஒரு குடியிருப்பில் சொத்து மதிப்பைக் குறைக்கும் என்று கருதப்படும் இனத்தவரை அங்கே நுழைக்க ரியல்ட்டர் கருவியாக இருக்கக் கூடாது. கறுப்பினத் தரகர்கள் சங்கத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் 1947-இல் ஃப்ளோரிடாவின் டாம்பாவில் தங்களுக்கென்று தனிச் சங்கம் கண்டு, ‘ரியல்டிஸ்ட்’ என்று பெயரிட்டுக்கொண்டார்கள். 1948-இல் உச்ச நீதிமன்றம் இன நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்றது. 1968-இல் நியாய வீட்டுவசதிச் சட்டம் வந்தது. தேசியச் சங்கத்தின் தலைவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது 2020-இல்.

உரிமச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது இதை ஏன் இழுக்கிறேன் என்று கேட்கலாம். யார் உள்ளே, யார் வெளியே என்று தீர்மானிக்கும் வேலையைத் தொழிலில் இருப்பவர்களின் கையிலேயே விட்டால் தகுதி என்ற சொல்லுக்குள் எதையெல்லாம் நுழைக்க முடியும் என்பதற்கு இந்த நாட்டின் வரலாற்றில் இதைவிடப் பெரிய சாட்சி இல்லை. வெளிமாநில ஏஜெண்டுக்கு வைக்கும் தடையை இந்த அநீதியோடு சமமாக வைக்கவில்லை. ஆனால் ‘பொதுமக்களின் பாதுகாப்பு’ என்று சொல்லி ஒரு வேலி எழும்போது அது உண்மையில் யாரைப் பாதுகாக்கிறது என்று கேட்கும் பழக்கத்தை இந்த வரலாறு நமக்குக் கொடுக்க வேண்டும்.

வேலி வேண்டவே வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. காரணம் ஃப்ளோரிடா.

1925-இல் மயாமித் தெருக்களில் ‘பைண்டர் பாய்ஸ்’ என்ற இளைஞர் கூட்டம் மொய்த்தது. நிலத்தின் விலையில் ஒரு பகுதியை முன்பணமாகக் கட்டினால் ஒரு ரசீது கிடைக்கும். நிலத்தை யாரும் வாங்கவில்லை, அந்த ரசீதைத்தான் கைமாற்றிக் கைமாற்றி விற்றார்கள். போஸ்டனில் ஏமாற்றுத் திட்டம் நடத்திச் சிறைக்குப் போய்வந்த சார்ல்ஸ் போன்சி அந்த ஆண்டு ஃப்ளோரிடாவுக்கு வந்து, ஜாக்சன்வில் நகருக்கு அருகே என்று விளம்பரம் செய்து மனை விற்றார். நிலம் நகரத்திலிருந்து சுமார் 65 மைல் தள்ளி இருந்தது. அதிலும் பெரும்பகுதி நீர் தேங்கிய காடு. 1926 செப்டம்பரில் வீசிய புயல் மயாமியைப் புரட்டிப்போட்டபோது எஞ்சியிருந்த மயக்கமும் தெளிந்தது.

இதே கதை 1960-களில் பெரிய அளவில் திரும்ப நடந்தது. ஃப்ளோரிடாவின் தென்மேற்கில் கோல்டன் கேட் எஸ்டேட்ஸ் என்று பிரமாண்டமான மனைப்பிரிவு போட்டார்கள். வடக்கே பனியில் வாழ்ந்த ஓய்வுபெற்றவர்களையும் தொழிலாளிகளையும் இரவு விருந்துக்கு அழைத்து, படம் காட்டி, தவணையில் விற்றார்கள். தெற்குப் பகுதி மழைக்காலத்தில் முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்றது. அரசாங்கம் பிற்பாடு அந்த மனைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிச் சதுப்புக்காட்டுக்கே விட்டுவிட வேண்டியதாயிற்று. வாங்குகிறவர் ஒரு மாநிலத்தில், நிலம் இன்னொரு மாநிலத்தில், விற்கிறவர் எங்கோ என்றால் புகார் மனுவை எந்த வாசலில் கொடுப்பது? மாநிலம் தாண்டிய மனை விற்பனையில் எல்லா விவரமும் எழுத்தில் கொடுத்தாக வேண்டும் என்று 1968-இல் மத்திய அரசு சட்டம் போட்டதற்கு இந்த மாதிரி ஏமாற்றங்கள்தான் காரணம். வெளியூர் ஆளைக் கண்டால் ஒரு மாநிலம் முதலில் சந்தேகப்படுவதில் இந்தப் பழைய காயங்களின் நினைவும் இருக்கிறது.

இன்னொரு நியாயமும் உண்டு. நிலம் நகராது, அதன் சட்டமும் அதோடு அங்கேயே கிடக்கிறது. டெக்சாஸ், கலிபோர்னியா, அரிசோனா உள்ளிட்ட 9 மாநிலங்களில் திருமணத்துக்குப் பின் சம்பாதித்த சொத்து கணவன் மனைவி இருவருக்கும் பொது என்பதே அடிப்படை விதி. பத்திரத்தில் ஒருவர் பெயர் மட்டும் இருந்தாலும் மற்றவர் கையெழுத்தைத் தவறவிட்டால் கிரயமே சிக்கலாகும். லூயிசியானாவின் உரிமையியல் சட்டம் இங்கிலாந்து மரபில் வந்ததல்ல, பிரெஞ்சு–ஸ்பானிய மரபில் வந்தது. கொலராடோவில் நிலத்தை வாங்கினால் அதில் ஓடும் தண்ணீரும் நம்முடையது என்று நினைக்க முடியாது. முதலில் எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முன்னுரிமை, அந்த உரிமையைத் தனியாகவே விற்கலாம். சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்துக்கு அடுத்த ஆண்டு, 1972-இல் வந்த சட்டத்தின்படி கலிபோர்னியாவில் பூமிப் பிளவு மண்டலத்தில் உள்ள வீட்டை விற்கும்போது அதைச் சொல்லியாக வேண்டும். தென் கரோலினாவில் கிரயத்தை வழக்கறிஞர் முன்னின்று முடிப்பார். கலிபோர்னியாவில், இரு தரப்புக்கும் நடுவே பணத்தையும் பத்திரத்தையும் வைத்திருக்கும் எஸ்க்ரோ நிறுவனம் முடிக்கும். வில்லங்கச் சான்று பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது என்று நம் ஊரில் படிக்காதவருக்கும் தெரியும். அதே மாதிரி உள்ளூர் அறிவுதான் இது. இது இல்லாத ஏஜெண்ட், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பைக் குழிக்குள் தள்ளிவிடலாம்.

ஆகவே தேர்வு வேண்டும். அதில் எதைச் சோதிக்கிறோம் என்பதில்தான் தகராறு.

பெரும்பாலான மாநிலங்களின் தேர்வுத்தாள் ஏற்கெனவே இரண்டாகப் பிரிந்துதான் இருக்கிறது: நாடு முழுவதற்கும் பொதுவான பகுதி ஒன்று, அந்த மாநிலத்தின் சட்டம் பற்றிய பகுதி ஒன்று. ஒப்பந்தம் என்றால் என்ன, அடமானம் எப்படி வேலை செய்கிறது, வாடிக்கையாளருக்கு ஏஜெண்ட் என்ன கடமைப்பட்டவர், இனம் பார்த்து வீடு மறுப்பது ஏன் குற்றம் என்பதெல்லாம் பொதுப் பகுதி. ஜார்ஜியாவில் இதைக் கற்றவருக்கு நெவாடாவில் மறுபடி கற்றுக்கொடுக்க எதுவும் இல்லை. கொலராடோ இதைப் புரிந்துகொண்டு வெளிமாநில உரிமதாரர்களிடம் மாநிலப் பகுதியை மட்டும் கேட்கிறது. ஃப்ளோரிடா சில மாநிலங்களோடு பரஸ்பர ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறது. ஜார்ஜியா, அலபாமா, இல்லினாய் போன்ற அந்த மாநிலங்களிலிருந்து வருகிறவர் 63 மணி நேர வகுப்புக்குப் போக வேண்டியதில்லை. ஃப்ளோரிடா சட்டத்தில் 40 கேள்விகள், அதில் 30-க்குச் சரியான பதில் எழுதினால் போதும். ஏமாற்றுக்காரர்களால் அதிகம் அடிபட்ட மாநிலமே கண்ட வழி இது என்பதால் எனக்கு இதன் மேல் மரியாதை அதிகம். அதிலும் ஒரு குறை இருக்கிறது: விண்ணப்பிக்கும்போது அவர் ஃப்ளோரிடாவில் குடியேறியிருக்கக் கூடாது. முதலில் வீடு மாறிவிட்டு நிதானமாக விண்ணப்பிக்கலாம் என்று நினைத்தவருக்கு அந்த வாசல் அடைபட்டுவிடும்.

கலிபோர்னியா எந்த மாநிலத்துடனும் ஒப்பந்தம் வைத்துக்கொள்ளவில்லை. மூன்று பாடங்கள், 135 மணி நேரம், பிறகு 150 கேள்விகள் கொண்ட முழுத் தேர்வு. வேறு இடத்தில் படித்தது சமமானது என்று காட்டினால் பாடத்தில் சலுகை கிடைக்கலாம், தேர்வில் கிடையாது. டெக்சாஸுக்கும் பரஸ்பர ஒப்பந்தம் இல்லை. 180 மணி நேரப் படிப்பைக் காட்டியாக வேண்டும். நியூ ஜெர்சியில் 75 மணி நேரம் படித்து வந்தவர் மிச்சத்தை இங்கே உட்கார்ந்து படிக்க வேண்டும். அதன் பிறகு கைரேகை, குற்றப் பின்னணி விசாரணை, தேர்வு. எல்லாம் முடிந்தாலும், மேல்நிலை உரிமம் பெற்ற ஒரு புரோக்கரின் பொறுப்பில் சேர்ந்தால்தான் உரிமம் உயிர்பெறும். அதற்குள் மாதங்கள் போய்விடும், கமிஷனை மட்டும் நம்பி வாழ்பவருக்கு அத்தனை மாதமும் வருமானமில்லை.

இந்தச் சுமை அதிகமாக விழுவது, வேலை மாறும் துணையோடு ஊர் மாறுகிறவர்கள் மேல். நம்மவர்களுக்கு இது அந்நியமான விஷயமல்ல. வேலை விசாவில் போனவரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் போன மனைவிமாரில் ஒரு பகுதியினருக்கு 2015 மே மாதம்தான் வேலை செய்ய அனுமதி கிடைத்தது. நேரத்தைத் தானே வகுத்துக்கொள்ளலாம், பட்டப்படிப்பு மறுபடி தேவையில்லை, தமிழ், தெலுங்கு பேசும் குடும்பங்கள் வீடு தேடுகின்றன என்று பலர் ரியல் எஸ்டேட் உரிமம் எடுத்தார்கள். கணவரின் கம்பெனி நியூ ஜெர்சியிலிருந்து டாலஸுக்கு மாறினால் அவருடைய வேலை அவரோடு வந்துவிடும். மனைவியின் தொழில் வராது. சேர்த்துவைத்த வாடிக்கையாளர்களை இழப்பது ஊர் மாறினால் வரும் இயல்பான இழப்பு. தகுதியையும் சேர்த்து இழக்கச்செய்வது சட்டம் உண்டாக்கிய இழப்பு.

மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜன்னா ஜான்சன், மாரிஸ் கிளைனர் இருவரும் பல தொழில்களை எடுத்து ஆராய்ந்தார்கள். மாநிலத்துக்கு மாநிலம் தனித் தேர்வு கேட்கும் தொழில்களில் இருப்பவர்கள் மாநிலம் விட்டு மாநிலம் குடிபெயர்வது மற்றவர்களைவிட 36 சதவீதம் குறைவு என்று கண்டார்கள். உரிமம் தேவைப்படும் வேலையில் இருப்போரின் பங்கு 1950-களிலிருந்து ஐந்து மடங்கு உயர்ந்து, உழைப்பாளர்களில் நாலில் ஒருவருக்கு மேல் ஆகிவிட்டது என்று 2015-இல் வெள்ளை மாளிகையின் அறிக்கையே சொன்னது. ஒபாமா ஆட்சியில் வந்த அந்த அறிக்கையின் கவலையைக் குடியரசுக் கட்சி ஆளும் மாநிலங்களும் எடுத்துக்கொண்டன என்பது நம்பிக்கை தரும் செய்தி. 2019 ஏப்ரலில் அரிசோனா, மற்ற மாநிலங்களில் குறைந்தது ஓராண்டு நல்லபடியாக உரிமம் வைத்திருந்து தன் மண்ணில் குடியேறுகிறவர்களின் தகுதியைப் பெரும்பாலான தொழில்களில் ஏற்பதாகச் சட்டம் இயற்றியது. தன் மாநிலச் சட்டம் பற்றிய தேர்வை மட்டும் வைத்துக்கொள்ளும் அதிகாரத்தை உரிமம் வழங்கும் வாரியங்களுக்கு விட்டுவைத்தது. வேறு பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. செவிலியர்கள் 2000-இலேயே மாநிலங்களுக்கு இடையிலான உடன்படிக்கையைத் தொடங்கிவிட்டார்கள். இன்று 40-க்கு மேற்பட்ட மாநிலங்கள் அதில் இருக்கின்றன. உயிரைக் கையாளும் தொழிலுக்குச் சாத்தியமானது வீட்டைக் கையாளும் தொழிலுக்கு ஏன் முடியாது என்று கேட்டால் எனக்கு ஏற்கத்தக்க பதில் கிடைக்கவில்லை.

நீதிமன்றங்களும் ஓரளவு வழிகாட்டியிருக்கின்றன. எல்லையிலிருந்து 400 கெஜ தூரத்தில் வெர்மான்ட்டில் குடியிருந்தார் என்பதற்காக ஒரு வழக்கறிஞரை நியூ ஹாம்ப்ஷயர் சேர்த்துக்கொள்ள மறுத்தது. 1985-இல் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பு செல்லாது என்றது. குடியிருக்கும் இடம் தகுதி ஆகாது என்று அன்று வகுத்த நெறியை அறிவு பெற்ற இடத்துக்கும் நீட்டிப் பார்க்க வேண்டிய நேரம் இது.

நம் நாட்டிலும் இதே கோடு வரையப்பட்டிருக்கிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும். 2016-இன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் நாடாளுமன்றம் இயற்றிய ஒரே சட்டம். ஆனால் ஏஜெண்டின் பதிவு ஒரு மாநிலத்துக்கோ ஒரு யூனியன் பிரதேசத்துக்கோ உட்பட்டது. ஓசூரில் பதிவுபெற்ற தரகர், ஒரு சில மைல் தள்ளி கர்நாடகத்தில் பதிவான ஒரு திட்டத்தில் ஃபிளாட் விற்றுக்கொடுக்க வேண்டுமானால் கர்நாடகத்திலும் பதிய வேண்டும். அமெரிக்கா நூறு ஆண்டு பட்டபாடு நம் முன்னால் இருக்கும்போதே இந்தக் கோட்டை நாம் வரைந்துகொண்டோம். தமிழகமும் கர்நாடகமும் இப்போதே பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடிய விஷயம் இது.

வேலியைத் தாழ்த்தினால் ஏமாற்றுக்காரர்கள் சுலபமாக வருவார்களே என்ற அச்சத்துக்கு வகுப்பறை மருந்தல்ல. 1925-இன் போன்சிக்கு 180 மணி நேரப் பாடம் நடத்தியிருந்தால் அவர் திருந்தியிருப்பாரா? ஒரு மாநிலத்தில் தண்டனை பெற்றவரின் பெயர் மறுநாளே மற்ற 49 மாநிலங்களிலும் தெரிவதுதான் மருந்து. உரிமம் வழங்கும் அதிகாரிகள் 1930-லேயே தங்களுக்குள் சங்கம் அமைத்துக்கொண்டவர்கள். தண்டனைப் பதிவுகளைப் பரிமாறிக்கொள்வதை விருப்பத்துக்கு விடாமல் எல்லா மாநிலங்களுக்கும் சட்டப்படி கட்டாயமாக்கட்டும். நல்லவரின் படிப்பு எல்லை தாண்ட வேண்டும், தவறு செய்தவரின் பதிவும் கூடவே தாண்ட வேண்டும். இன்றைய ஏற்பாட்டில் முதலாவது நின்றுவிடுகிறது, இரண்டாவது எப்போதும் போய்ச் சேர்வதில்லை.

2023 ஜனவரி 5-இல் அன்றைய ஜனாதிபதி பைடன் கையெழுத்திட்ட சட்டம் ஒரு பிரிவினருக்கு வழி திறந்தது. ராணுவ உத்தரவின்படி ஊர் மாறும் வீரர்களும் அவர்களின் வாழ்க்கைத் துணையும், பழைய மாநிலத்தில் பெற்ற தொழில் உரிமத்தைப் புது மாநிலத்தில் பயன்படுத்தலாம். வழக்கறிஞர் தொழிலுக்கு மட்டும் அந்தச் சட்டம் அன்று விலக்கு வைத்தது. அதையும் சில அலுவலகங்கள் எளிதில் ஏற்கவில்லை. டெக்சாஸுக்கு மாறிவந்த ஒரு ராணுவக் குடும்பத்துப் பள்ளி ஆலோசகர் வழக்குத் தொடுத்து, அதே ஆண்டு மத்திய நீதிமன்றத்தில்தான் தன் உரிமையை நிலைநாட்ட வேண்டியிருந்தது.

மாநிலம் மாறப்போகும் ஏஜெண்டுகளுக்கு ஒரு வார்த்தை. பழைய உரிமம் உயிரோடு இருக்கும்போதே அந்த மாநிலத்திடம் உரிம வரலாற்றுச் சான்று வாங்கி வையுங்கள். வீடு மாறும் முன்பே புது மாநில வாரியத்தின் விதியைப் படியுங்கள். வகுப்புக்குப் பணம் கட்டுவது அதற்குப் பிறகு. புது உரிமம் கைக்கு வரும்வரை யாருக்கும் வீடு காட்டாதீர்கள். வாடிக்கையாளரை அங்குள்ள உரிமம் பெற்ற புரோக்கரிடம் அனுப்பி, இரு மாநில விதிகளும் இடம் கொடுத்தால் பரிந்துரைத்ததற்கான கமிஷன் பங்கை எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

கலிபோர்னியா, டெக்சாஸ் சட்டமன்றங்களிடம் கேட்பது இதுதான். உங்கள் நிலத்தின் சட்டத்தில் எவ்வளவு கடினமான தேர்வு வேண்டுமானாலும் வையுங்கள், ஃப்ளோரிடாவின் நாற்பதுக்குப் பதில் நூறு கேள்வி கேளுங்கள். வேறு மாநிலத்தில் நேர்மையாகப் படித்து, நேர்மையாகத் தொழில் செய்து வந்தவரை மீண்டும் முதல் வகுப்பில் உட்காரவைக்கும் விதியை நீக்குங்கள்.